தொண்ணூற்றாறு ஃபிரேம்

பிளாஸ்டர் இறுக நாற்பது நிமிடம் ஆகும். பாக்கெட்டில் முப்பது என்று போட்டிருப்பான், நம்பக்கூடாது. அவசரப்பட்டு அச்சைப் பிரித்தால் ஓரம் உதிர்ந்துவிடும். அப்புறம் அந்த மனிதர் வாயில் பல் உட்காராது, சாப்பிடும்போது கடகடவென்று ஆடும், நமக்குத்தான் கெட்ட பெயர். பதினெட்டு வருடமாகப் பொய்ப்பல் செய்கிறேன். ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது பிளாஸ்டர் ஊற்றுவேன். எத்தனை நாற்பது நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பேன் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அந்தச் சும்மா நேரத்தில்தான் போனில் படம் பார்க்க ஆரம்பித்தேன். நீங்கள் நினைக்கிற படம் இல்லை. தனி ஆட்கள், ஒரு மேஜையும் ஒரு விளக்கும் வைத்துக்கொண்டு, வருடக்கணக்கில் தேய்த்துத் தேய்த்துச் செய்கிற அனிமேஷன். முதலில் பார்த்தது ஒரு பாட்டு. நாலு நிமிடப் பாட்டுக்கு எவனோ ஒருத்தன் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் ஆயிரக்கணக்கில் படம் வரைந்திருந்தான். ஒரு நாய் ஓடுகிறது, அவ்வளவுதான். ஓட ஓட அது வயசாகி, நொண்டி, டிக்கெட்டின் கிழிந்த ஓரத்துக்குள் புகுந்து காணாமல் போகிறது. பார்த்திருந்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர்தானா என்று கோபமும் வந்தது.

அதற்கப்புறம் என்னை யாராலும் பிடிக்க முடியவில்லை. கண்ணாடி மேல் மணலைத் தள்ளித் தள்ளிச் செய்தது, சட்டைப் பொத்தான்களை வைத்துச் செய்தது, சோப்புக் கட்டியைச் செதுக்கிக்கொண்டே எடுத்தது என்று தேடித் தேடிப் பார்த்தேன். யாருமே பார்க்காததாகத் தேடுவேன். ஐம்பது பேர் பார்த்தது கிடைத்தால் லாட்டரி அடித்த மாதிரி இருக்கும். 'கடைவாய்ப்பல்' என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டு, கீழே கருத்து எழுதுவேன், வாரத்துக்கு ஒன்றை எடுத்து என் பக்கத்தில் போடுவேன். மூவாயிரம் பேர் என் பக்கத்தைத் தொடர்ந்தார்கள். கடைவாய்ப்பல் சொன்னால் பார்க்கலாம் என்று பேர் வாங்கிவிட்டேன். பல் லேபில் என்னை அப்படி யாரும் சொன்னதில்லை.

இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், இதுதான் காரணம்.

ஒரு நாள் காலை, முப்பத்தோரு பேர் பார்த்த ஒரு படம் கிடைத்தது. பத்தே நொடி. கம்பியும் துணியும் வைத்துச் செய்த ஒரு பொம்பளை பொம்மை, அதற்கு வாய் கிடையாது. அட்டையில் செய்த சமையலறையில் தட்டுக் கழுவுகிறது. தண்ணீருக்குப் பதில் குழாயிலிருந்து வெள்ளை நூல் விழுகிறது. பின்னணியில் யாரோ ஒரு பெண் வார்த்தையே இல்லாமல் முனகுகிறாள். வாரம் பத்து நொடியாகப் போட்டு, கிட்டத்தட்ட இரண்டு நிமிடப் பாட்டை முடிக்கப் போவதாக எழுதியிருந்தது. நல்ல கை என்று நினைத்தேன். அடுத்த வாரத்துப் பத்து நொடியில், அட்டைச் சுவருக்கு மேலே உண்மைச் சுவர் ஒரு விரல்கடை தெரிந்தது. அதில் ஒரு சுவிட்ச் போர்டு. உடைந்த சுவிட்ச் மேல் நீல டேப் ஒட்டியிருந்தது.

அந்த டேப்பை ஒட்டியவன் நான். அது என் தங்கச்சி வீடு.

அவள் என்னிடம் சொல்லவில்லை என்பதுதான் சுருக்கென்று தைத்தது. அப்பா அம்மா போனபிறகு அவளைப் படிக்க வைத்தேன், கல்யாணம் செய்து வைத்தேன், வாடகைக்கு வீடு பார்த்துக் கொடுத்தேன். மாப்பிள்ளை கப்பலில் என்ஜின் வேலை, வருடத்தில் ஒன்பது மாதம் கடலில் இருப்பார். அவள் டாக்சி ஆபீசில் போன் எடுக்கிற வேலை, விடிகாலை ஐந்திலிருந்து மதியம் ஒன்று வரை. வந்து சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குப் படுத்தால் நாலரைக்கு எழுந்திருப்பாள். அதற்கப்புறம் என்ன செய்கிறாள் என்று நான் கேட்டதே இல்லை, டிவி பார்ப்பாள் என்று விட்டுவிட்டேன்.

லேபிலிருந்து அவள் வீடு நடந்து ஆறு நிமிடம். ஒரு அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அவளே கொடுத்த சாவி என்னிடம் இருந்தது. பிளாஸ்டர் ஊற்றிவிட்டுப் போனேன். சும்மா பார்க்கத்தான் போனேன்.

பின் அறையில் மேஜை, அதன் மேல் அந்த அட்டைச் சமையலறை. கேமராவை இரும்புத் தாங்கியில் அசையாமல் முடுக்கியிருந்தாள். இந்த வேலை எப்படி என்றால், பொம்மையை ஒரு மயிரிழை நகர்த்தி ஒரு ஃபிரேம் எடுப்பது, திரும்ப நகர்த்தி இன்னொன்று எடுப்பது. பன்னிரண்டு ஃபிரேம் சேர்ந்தால் ஒரு நொடி. பாதியில் எழுந்து போனால் பொம்மை போட்டது போட்டபடி இருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் முந்தைய ஃபிரேம் நிழல் மாதிரி தெரியும், அதை வைத்துச் சரிபார்ப்பார்கள். நடுவில் ஒரு ஈ வந்து உட்கார்ந்து போனாலும் கண்டுபிடித்துவிடலாம்.

பொம்மையின் முழங்கை சரியில்லை. தட்டைப் பிடிக்கிற கை அப்படி மடங்காது. கால் மில்லிமீட்டர் பிசகுகூட என் கண்ணுக்குத் தப்பாது, அதுதான் என் பிழைப்பே. மெல்ல அழுத்திச் சரிசெய்தேன். தலையும் லேசாகத் திரும்பிவிட்டது போல. கவனிக்கவில்லை. முப்பத்தெட்டாவது நிமிடத்தில் லேபில் இருந்தேன்.

அந்த வாரத்துப் பத்து நொடியைப் போட்டாள். பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பொம்மை தட்டுக் கழுவிக்கொண்டே இருக்கிறது, திடீரென்று வெடுக்கென ஒரு துள்ளல், தலை கதவுப் பக்கம் திரும்பியிருக்கிறது. அவள் அந்தப் பிசகை அழிக்கவில்லை, அப்படியே விட்டு, அதற்குமேல் தொடர்ந்திருந்தாள். அதற்குப் பிறகு பொம்மை கழுவுகிற விதமே மாறிவிட்டது. யாரோ பின்னால் நிற்கிற மாதிரி கழுவியது. வாயில்லாத ஒரு துணிப் பொம்மை பயப்படுவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். என் பக்கத்தில் போட்டேன். நாலாயிரம் பேர் பார்த்தார்கள்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். முதலில் அவள் யோசித்து வைத்திருந்த முடிவு வேறு. கடைவாய்ப்பல்லுக்குப் பதில் எழுதும்போது சொன்னாள். பொம்மை பாத்திரமெல்லாம் கழுவி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, கதவைத் திறந்து வெளியே போய்விடுமாம். சப்பென்று இருந்தது. நல்ல பிள்ளை கோலம் போட்ட மாதிரி. அதை நான் சொல்லவில்லை, மனசு நோகும்.

அடுத்த வாரம் பொம்மையின் இடது காலை இரண்டு மில்லிமீட்டர் பின்னால் வைத்தேன். அதற்கடுத்த வாரம் அட்டை நாற்காலியைத் திருப்பினேன். வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் போனதே இல்லை. ஒரு ரூபாய்ப் பொருள் எடுத்ததில்லை, ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

ஆறாவது வாரம் அவள் லேபுக்கு வந்தாள். முகம் வெளுத்துக் கிடந்தது. மேஜை முழுக்கப் பல் வரிசை காய வைத்திருந்தேன், அதையெல்லாம் ஒதுக்கி உட்கார வைத்தேன்.

"அண்ணா, நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லல. திட்டாத."

"சொல்லு, என்ன?"

"பொம்மை வச்சு படம் பண்றேன். ஒரு வருஷமா."

"நீயா? என்கிட்ட ஏம்மா மறைச்ச?"

"நீ திருத்துவ. சின்ன வயசுல நான் என்ன வரைஞ்சாலும் ரப்பரை எடுத்துட்டு வந்து உட்காருவ." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "அதை விடு. அந்தப் பொம்மை தானா நகருதுண்ணா."

"தூக்கக் கலக்கத்துல நீயே இடிச்சிருப்ப. விடிகாலை நாலு மணிக்கு எழுந்திருக்கிறவ, உனக்கு எது ஞாபகம் இருக்கும்?"

"நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா அளந்து வச்சுட்டுப் போறேன். ஸ்கேல் வச்சு அளந்துட்டுப் போறேண்ணா. யாரோ வீட்டுக்குள்ள வர்றாங்க."

சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் பிடிப்பேனே, அப்படி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பூட்டை மாற்றிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். அன்று சாயங்காலமே புதுப் பூட்டு வாங்கி, நானே கழற்றி, நானே மாட்டினேன். அதோடு மூன்று சாவி வந்தது. இரண்டை அவளிடம் கொடுத்தேன். "இப்போதான் நிம்மதியா இருக்கு" என்று டீ போட்டுக் கொடுத்தாள். அவ்வளவு நல்ல டீயை நான் அவள் வீட்டில் குடித்ததில்லை.

ஒரு வாரம் நான் போகவில்லை, வேண்டுமென்றேதான். அந்த வாரத்துப் பத்து நொடியைப் போட்டாள். உயிரே இல்லை. பொம்மை நிம்மதியாகத் தட்டுக் கழுவியது, ஈரம் போகத் துடைத்தது, கதவைப் பார்த்து ஒரு அடி வைத்தது. பார்க்கிறவர்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள். எனக்கு அப்போது வந்த பயத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உலகத்தில் அப்படி ஒரு படம் வர இருந்து, வராமல் போகப் போகிறது. அது தெரிந்த ஒரே ஆள் நான். அந்தப் பயம் உங்களுக்கு வந்ததில்லை, அதனால் சுலபமாகக் கேட்கிறீர்கள்.

மறுபடி போனேன்.

கதவைத் திறந்ததும் பார்த்தேன், தரை முழுக்க முகப்பவுடர் தூவி வைத்திருந்தாள். கால்தடம் விழட்டும் என்று. கெட்டிக்காரி. வேறு ஒருவனாக இருந்தால் அங்கேயே மாட்டியிருப்பான். நான் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்துபோய், வேலையை முடித்து, பின்னால் நடந்துகொண்டே ஒவ்வொரு தடத்தையும் துடைத்து, அவள் டப்பாவிலிருந்தே பவுடர் எடுத்துச் சல்லடை போட்ட மாதிரி திரும்பத் தூவினேன். பிளாஸ்டர் மாவு தூவுவது என் தொழில். அன்றைக்கு மட்டும் லேபுக்கு ஐந்து நிமிடம் தாமதமாகப் போனேன். ஒரு பல் வரிசை கெட்டுப்போய், முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மதியம் அவள் போன் செய்தாள்.

"தரையில ஒரு தடம்கூட இல்லண்ணா. பவுடர் அப்படியே இருக்கு. ஆனா அது திரும்பியிருக்கு. என்னைப் பாத்துத் திரும்பியிருக்கு."

"பயப்படாத, நான் வரேன்."

"யாராவது மனுஷன் வந்தான்னா பரவாயில்லண்ணா. திருடன்னாலும் பரவாயில்ல. இது என்னன்னே தெரியலையே."

ஓடினேன். கதவுக்கு வெளியே படிக்கட்டில் குறுகி உட்கார்ந்திருந்தாள், ஒரு காலில் செருப்பு இல்லை. என்னைப் பார்த்ததும் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உள்ளே போக மாட்டேன் என்றாள். நான் முன்னால் போய் ஒவ்வொரு அறையாக விளக்கைப் போட்டுக் காட்டினேன். கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தேன். யாருமில்லை என்று சொன்னேன். அது உண்மைதானே.

சோறு தண்ணி இறங்காமல் பத்து நாள் கிடந்தாள். பேயறைந்த மாதிரி முகம். சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடும். குளிக்கப் போனால் கதவைத் திறந்தே வைத்துக்கொள்வாள். ஆனால் படம் எடுப்பதை மட்டும் விடவில்லை. எடுத்தால்தான் அது என்ன என்று தெரியும் என்றாள். அந்த நாட்களில் எடுத்தது இருக்கிறதே, இருபத்திரண்டு நொடி, பொம்மை அலமாரிக்குள் புகுந்து தன்னைத் தானே தைத்து மூடிக்கொள்கிற காட்சி, அப்படி ஒன்றை நான் எங்கும் பார்த்ததில்லை. ஒரு லட்சம் பேர் பார்த்தார்கள். கடைவாய்ப்பல் எழுதினான்: பயத்தைத் துரத்தாதீர்கள், படத்துக்குள் வையுங்கள். அவள் பதில் போட்டாள்: நீங்க ஒருத்தர்தான் என்னைப் பைத்தியம்னு சொல்லல, நன்றி.

அதைப் படித்துவிட்டு அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கல்நெஞ்சுக்காரன் என்று நினைக்காதீர்கள்.

மாப்பிள்ளை கப்பலிலிருந்து கூப்பிட்டார். லைன் விட்டு விட்டு வந்தது. "மச்சான், நீங்கதான் பாத்துக்கணும். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க." கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் தூக்கத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மதியம் சாப்பிட்டதும் ஒன்று. "மாத்திரைப் பட்டையை அவங்க கையில கொடுக்காதீங்க, நீங்களே வச்சிருந்து கொடுங்க" என்று தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். சொன்னபடி வைத்துக்கொண்டேன்.

அப்புறம் அந்தப் புதன்கிழமை.

மாப்பிள்ளையின் கப்பல் ஒரு துறைமுகத்தில் இரண்டு மாதம் நிற்கப் போகிறது, வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் போட்டாயிற்று, அவரிடம் போய்விடுகிறேன் என்று முந்தின நாள் சொன்னாள். நல்லது, போய்விட்டு வா என்றேன். மனசாரத்தான் சொன்னேன். "படம்?" என்று கேட்டேன். "வேண்டாம்ணா. பொம்மையை வெட்டிப் போட்டுட்டேன்" என்றாள். குப்பைக் கூடையில் பார்த்தேன். கம்பியை நாலாக மடக்கி, துணியைக் கத்தரித்திருந்தாள். எட்டு நொடிதான் பாக்கி. தொண்ணூற்றாறு ஃபிரேம். அவ்வளவு தூரம் வந்துவிட்டு எட்டு நொடிக்காக விட்டுவிட்டுப் போகிறாள்.

புதன்கிழமை நான் பிளாஸ்டர் ஊற்றவில்லை. லீவு சொல்லிவிட்டு ஒரு மணிக்கே அவள் வீட்டுக்குப் போனேன், அவளும் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. துணைக்கு வந்தேன் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. சாப்பிட்டோம். துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தோம். மாத்திரையைக் கொடுத்தேன், படுத்தாள். நான் வெளி அறையில் இருக்கிறேன் என்று தெரிந்ததால் பல நாளைக்குப் பிறகு கதவை மூடச் சொன்னாள்.

கடைசிக் காட்சியில் அந்தப் பொம்மைப் பெண் படுத்திருக்கிறாள், மூடிய கை ஒவ்வொரு விரலாகத் திறக்கிறது. முடிவை அப்படித்தான் நான் யோசித்து வைத்திருந்தேன். பொம்மைதான் இல்லை. கேமராவைக் கழற்றி அவள் அறைக்குக் கொண்டுபோய் முடுக்கினேன். ஜன்னல் வெளிச்சம் மாறாமல் இருக்கத் திரையை இழுத்துவிட்டு, மேஜை விளக்கை வைத்தேன். அவள் சுண்டுவிரலை மெல்ல நகர்த்தி ஒன்று எடுத்தேன். பதினோராவது ஃபிரேமில் புரண்டு படுத்துவிட்டாள். எல்லாம் வீண். அரைத் தூக்கத்தில் கண்ணைத் திறந்து, "அண்ணா, யாரு?" என்றாள். "யாரும் இல்லம்மா, இந்தப் பாலைக் குடிச்சிட்டுப் படு" என்றேன்.

பாலில் எத்தனை போட்டேன் என்று மூன்று நாளாகக் கேட்கிறீர்கள். ஞாபகம் இல்லை என்று முதலில் சொன்னேன். ஞாபகம் இருக்கிறது. பட்டையில் மிச்சம் இருந்ததெல்லாம் போட்டேன்.

அதற்கப்புறம் விரல்கள் நான் வைத்த இடத்தில் நின்றன. ஆனால் மூச்சு இருக்கிறதே, அது பெரிய தொந்தரவு. ஒரு ஃபிரேமில் போர்வை ஏறியிருக்கும், அடுத்ததில் இறங்கியிருக்கும். ஓட்டிப் பார்த்தால் கொதிக்கிற மாதிரி தெரியும், கையை யாரும் பார்க்க மாட்டார்கள். அதனால் ஒவ்வொரு மூச்சும் இறங்கி முடிகிற வரைக்கும் பொறுத்திருந்து எடுத்தேன். நாற்பதுக்கு மேல் போகப் போக, இடைவெளி கூடிக்கொண்டே வந்தது. தொண்டையில் ஒரு கரகரப்பு. உதடு நீலம் பாரித்ததை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். என் போன் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளித்தான். கேமராவை அசைத்துவிட்டால் திரும்ப அதே இடத்தில் வைக்க முடியாது.

அறுபத்தெட்டாவது ஃபிரேமுக்குப் பிறகு போர்வை அசையவில்லை. மிச்சம் இருபத்தெட்டையும் பொறுமையாக எடுத்தேன். சேர்த்து ஓட்டிப் பார்த்தேன். அவளுடைய கணக்கிலேயே ஏற்றினேன்.

படம் ஏறியது ஐந்து பத்துக்கு, அவள் உயிர் போனது நாலு மணிக்கு முன்னால், அதை வைத்துத்தான் பிடித்தோம் என்கிறீர்கள். சரியான கணக்கு, அதில் நான் எதையும் மறுக்கவில்லை. தங்கச்சியைக் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் அதோடு சேர்த்து எழுதுங்கள். கடைசியில் பெயர் போடுகிற இடத்தில் அவள் பெயரை மட்டும்தான் போட்டிருக்கிறேன். எனக்கென்று அவளிடமிருந்து நான் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.